தேதியாவது போடு

காரைக்குடி
வியாழக்கிழமை, ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு,

ஆத்தா எழுதுவது. உன்னைப் பெற்ற நாங்கள் இருவரும் இங்கே சுகம். அப்பச்சிக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. சொன்னால் கேட்காமல் காலையில் ஊருணி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறார். உன் சுகத்துக்கு எழுதவும் என்று எழுத வேண்டும், ஆனால் நீ எழுத மாட்டாய். போனில் கேட்டால் ‘நல்லா இருக்கேன் ஆத்தா, மீட்டிங்ல இருக்கேன்’ என்பாய். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதையாவது கடைசி வரைக்கும் படிப்பாய்.

முதலில் ஒரு விஷயம். கார்த்திகைக்கு உனக்கு அனுப்பிய டப்பா திரும்பி வந்துவிட்டது. தேன்குழல் ஒரு கிலோ, மணகோலம் அரைக் கிலோ, பொரி உருண்டை. வீட்டில் வாங்கி வைக்க ஆளில்லை, ஆபீசுக்கே அனுப்புங்கள் என்று நீதானே எப்போதும் சொல்வாய்? அதனால் ஆபீஸ் முகவரிதான் எழுதினேன். கூரியர்காரர்கள் மேலே ஏதோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நான்தான் மாடி நம்பரையோ எதையோ தப்பாக எழுதியிருப்பேன், வயசாகிறது. இனிமேல் வீட்டுக்கே அனுப்புகிறேன், பக்கத்து வீட்டில் வாங்கி வைக்கச் சொல்லிவிடு. அப்பச்சிக்கு இது தெரியாது. அவர் கோவிலுக்குப் போயிருந்தபோது வந்தது. இரண்டாங்கட்டில் அடுக்குப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வேலையைப் பற்றியே நினைப்பு ஓடுகிறது. உன் வேலை, என் வேலை, உன் அப்பச்சியைப் பெற்ற ஐயா பார்த்த வேலை. அதனால் வேலையைப் பற்றிச் சிலது எழுதுகிறேன். நான் முன்னால் சொன்னதுதான். இருந்தாலும் படி.

அன்றைய கணக்கை அன்றைக்கே எழுது. உனக்குப் பணக்கணக்கு இல்லை, கம்ப்யூட்டர் வேலை என்பாய். எதுவாக இருந்தால் என்ன, இன்றைக்கு என்ன செய்தேன், எது நின்றுபோயிற்று, யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ராத்திரி படுக்கப் போகுமுன் நாலு வரி எழுத ஒருவனுக்குப் பத்து நிமிஷம் ஆகாது.

ஐயா உன் அஞ்சாவது வயசில் போய்விட்டார். முகப்பில் அவர் கணக்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. 1936இல், 13 வயசில், கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டிப் பர்மாவுக்குத் தொழிலுக்குப் போனவர். ரங்கூன் மொகல் தெருவில் பெட்டியடிப் பையன். விடியுமுன் எழுந்து, கடையும் தங்கலுமான கிட்டங்கியைக் கூட்டி, தண்ணீர் தூக்கி, கடையை நடத்தும் மேலாள் குளித்துவிட்டு வருவதற்குள் பெட்டியைத் துடைத்து வைக்க வேண்டும். பகலெல்லாம் எடுபிடி வேலை. ராத்திரி கணக்கு முடியும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஓரணா இடித்தாலும் யாரும் படுக்க முடியாது. பெட்டியடிப் பையன் அடுத்தாள் ஆவதும், அடுத்தாள் மேலாள் ஆவதும் அந்த ராத்திரிக் கணக்கில்தான் இருந்தது என்பார். பகலில் எல்லோரும் ஓடியாடி வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும், விளக்கு வைத்த பிறகு எவன் கை தெளிவாக இருக்கிறது என்று மேலாள் பார்த்துக்கொண்டே இருப்பாராம். மூன்று வருஷக் கணக்கு முடித்து முதல் தடவை ஊருக்கு வந்தபோது மீசை முளைத்திருந்ததாம். பெற்றவளே அடையாளம் தெரியாமல் வாசலில் நின்றாளாம்.

அப்புறம் 1942இல் ஜப்பான்காரன் வந்தான். எல்லாம் போயிற்று. நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். வயசு 19. கடை போய், வரவேண்டிய சம்பளமும் போய், ஊரில் ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்திருக்கிறார். அந்த வருஷத்து நோட்டு நம் வீட்டில்தான் இருக்கிறது, மாடியில் பெட்டகத்துக்குள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் அதை எடுத்துப் பார்த்தேன். நாள் தவறாமல் எழுதியிருக்கிறார். மேலே சிவமயம், தேதி, ‘வரவு இல்லை’. மறுநாள் தேதி, ‘வரவு இல்லை’. எப்போதாவது வெற்றிலை காலணா என்று ஒரு செலவு. பக்கம் பக்கமாக அப்படியே. வரவே இல்லாத கணக்கை எதற்காக எழுதினீர்கள் என்று அவரிடமே கேட்டேன். “வரவு இல்லைன்னாலும் நாள் இருந்துச்சுல்ல? எழுதாம விட்டா அந்த நாளும் இல்லாமப் போயிரும்” என்றார்.

தம்பி, நீயும் தேதியாவது போடு. வேலை இல்லாத... வேலை குறைவாக இருக்கிற நாளிலும் போடு. காலையில் எழுகிற நேரத்தை மாற்றாதே. லீவு நாள் என்றாலும் ஆறு மணிக்கு எழுந்து குளித்து, விபூதி பூசி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு உட்கார். சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு. வெளியே யாரும் பார்க்காத நாளில்தான் இதெல்லாம் முக்கியம். அப்பச்சியின் ஜவுளிக்கடை மூடிய ஆறு மாசத்தில் அவர் பல நாள் சவரமே செய்துகொள்ளவில்லை, உனக்கு அப்போது ஏழு வயசு. அந்த முகத்தைப் பார்த்துத்தான் பலகாரம் போட்டு விற்க நான் அடுப்பில் சட்டியை வைத்தேன்.

உனக்குத் திறமை இல்லை என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அழகப்பா செட்டியார் என்ஜினீயரிங் காலேஜில் சீட் கிடைத்த அன்றைக்கு அப்பச்சி கொப்புடையம்மன் கோவிலுக்குப் போய்விட்டு வரும் வழியெல்லாம் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தார். படிப்புக் கடனை நாலே வருஷத்தில் அடைத்தாய். பாங்கில் கொடுத்த கடிதத்தை அவர் இன்னும் நிலப்பத்திரத்தோடு சேர்த்துத்தான் வைத்திருக்கிறார். இத்தனை செய்த பிள்ளைக்கு வாரத்தில் ஒரு நாள் போன் பண்ண நேரமில்லையா? போன வருஷம் பிள்ளையார் நோன்புக்கு வந்தாய், இழை எடுத்துக்கொண்டாய், விடியுமுன் கிளம்பிவிட்டாய். ராத்திரி இரண்டு மணிக்கு வளவில் தூணில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றாய். யாரிடமோ ‘சாரி சாரி’ என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். காலையில் கேட்கலாம் என்று இருந்தேன், காலையில் நீ இல்லை.

சரி, அதை விடு. இன்னொன்று சொல்ல வேண்டும். கெட்ட செய்தியை நீயே முதலில் சொல்லிவிடு. இது நான் தொழிலில் படித்தது. மணகோலத்துக்குப் பாகு முற்றினால் கல்லாகிவிடும், இளகினால் இரண்டு நாளில் நமுத்துப்போகும். தொழில் ஆரம்பித்த இரண்டாவது வருஷம் ஒரு கல்யாண வீட்டுக்கு 20 கிலோ. கடைசி ஈட்டில் பாகை விட்டுவிட்டேன், நாலு கிலோ முற்றிப்போயிற்று. நல்லதுக்கு அடியில் போட்டு அனுப்பிவிடலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அனுப்பவில்லை. நானே போய், நாலு கிலோ சரியில்லை, நாளைக்குக் காலையில் புதிதாகத் தருகிறேன் என்று அந்த ஆச்சியிடம் சொன்னேன். அவர் முகம் கறுத்துத்தான் போயிற்று. ஆனால் இன்று வரைக்கும் அந்த வீட்டு விசேஷம் எல்லாம் நம்மிடம்தான். அவர் பேத்தி கல்யாணத்துக்குக் கந்தரப்பத்துக்கும் சீப்புச்சீடைக்கும் போன மாசம் ஆர்டர் வந்தது. தப்பு நடந்த அன்றைக்கே சொன்னால் அது ஒரு நாள் தப்பு. மேலதிகாரியிடம் ஆனாலும், கூட வேலை பார்க்கிறவரிடம் ஆனாலும், வீட்டில் ஆனாலும் அப்படித்தான்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். உனக்கு இத்தனை சொல்கிற நான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். 20 வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

முறுக்கம்மா ஏன் வருவதில்லை என்று நீ எத்தனை தடவை கேட்டிருப்பாய்? மகள் வீட்டோடு போய்விட்டாள் என்று சொன்னேன். அது பொய். நான் துரத்தினேன்.

2004, தீபாவளி ஆர்டர் நேரம். நீ எட்டாம் வகுப்பு. ராத்திரி இரண்டு மணி வரைக்கும் அடுப்பு எரிந்தது. மூன்று நாள் நான் கணக்கு எழுதவில்லை. அசதி. எல்லாம் தலையில் இருக்கிறது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நாலாம் நாள் பெட்டியை எண்ணினால் 4,800 ரூபாய் குறைகிறது. அந்த அறைக்குள் போகிறவர்கள் மூன்றே பேர், நான், அப்பச்சி, அவள். அவளைப் பார்த்து ‘நீ எடுத்தாயா’ என்று நான் கேட்கவில்லை. “பெட்டிப் பக்கம் ஒனக்கு என்ன வேலை?” என்றுதான் கேட்டேன். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கை முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிய முறுக்கை முடித்தாள், அதைப் பாதியில் விடவில்லை. கையைக் கழுவினாள். ‘வர்றேன் ஆச்சி’ என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த வாரச் சம்பளத்தையும் கேட்கவில்லை, நானும் கொடுத்து அனுப்பவில்லை.

கார்த்திகைக்கு முன்னால் மாவு டின்னைக் கவிழ்த்துக் கழுவும்போது அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஐந்து டின் கடலெண்ணெய், 4,800. எண்ணெய்க் கடைப் பையன் வந்தபோது மாவுக் கையோடு எழுந்து போய் நானே எண்ணிக் கொடுத்திருக்கிறேன். சீட்டை அங்கேயே விட்டுவிட்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி நாலு வரி எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

அன்றைக்கே அவள் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று வைத்தேன். நாளை ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாசம் ஆயிற்று. போகப் போக, இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்பாளே என்று அதற்கே பயம். அப்பச்சியிடம்கூட அந்தச் சீட்டைக் காட்டவில்லை. உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனவள் அவள். உனக்குக் காய்ச்சல் என்றால் என்னைத் தூங்கச் சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்திருப்பாள். நான் உன்னிடம் கணக்கை அன்றைக்கே எழுது, அன்றைக்கே எழுது என்று காலேஜ் போகும்போதெல்லாம் நச்சரித்தது ஐயாவால் இல்லை தம்பி, அந்தச் சீட்டால்தான். நீ எரிச்சலோடு ‘போதும் ஆத்தா’ என்பாய். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

போன மாசம் செவ்வாய்க்கிழமை கோவில் பிராகாரத்தில் எதிரே வந்துவிட்டாள். முடியெல்லாம் வெள்ளை, ஒரு கண்ணில் புரை. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தாள். என்னைப் பற்றிக் கேட்கவில்லை. “தம்பி எங்க இருக்கு? நல்லா இருக்கா?” என்றுதான் கேட்டாள். சென்னையில் பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொன்னேன். “இருக்கட்டும், இருக்கட்டும். வேலை வரும் போகும், புள்ள நல்லா இருந்தா சரி” என்றாள். நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பத்து நாளில் டப்பா திரும்பி வந்தது.

நேற்று ராத்திரி அப்பச்சியிடம் எண்ணெய்ச் சீட்டைக் காட்டினேன். அதை இத்தனை வருஷம் ஐயா நோட்டுக்குள்ளேதான் வைத்திருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை படித்தார், ‘இதுக்கா நீ இத்தனை வருஷம் தீபாவளி அன்னிக்கு அழுதுட்டே இருந்தே’ என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. என்ன என்று தெரியாதே தவிர, ஏதோ இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நான் மறைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் புதுவயலில் மகள் வீட்டில் இருக்கிறாள், அது மட்டும் உண்மையாகவே ஆகிவிட்டது. நோன்புக்கு மறுநாள் போகலாம் என்று இருக்கிறேன். ஒரு வாரச் சம்பளமும் ஒரு புடவையும் எடுத்து வைத்திருக்கிறேன். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. நீ கூட வந்தால் நடந்துவிடுவேன்.

நோன்புக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் பல்லவன் ரயிலில் ஏறினால் ராத்திரி வந்துவிடலாம். இந்தத் தடவை விடியுமுன் ஓட வேண்டாம், பத்து நாள் ஆனாலும் இரு. ஆபீஸில் லீவு கேட்க வேண்டியதைப் பற்றி என்னிடம் ஒன்றும் விளக்கம் சொல்ல வேண்டாம். மாடி அறையைத் தட்டி மெழுகி வைத்திருக்கிறேன். ஐயா நோட்டை உன் தலைமாட்டில் வைக்கிறேன். டப்பாவை நீ வந்த பிறகு திறந்துகொள்ளலாம். தேன்குழல் நமுத்திருக்காது, மூடியைச் சுற்றி நானே டேப் ஒட்டினேன்.

இப்படிக்கு,
உன் ஆத்தா

பின்குறிப்பு: பணம் ஏதும் வேண்டுமென்றால் அப்பச்சியிடம் கேட்காதே, என்னிடம் கேள். அரிசி டின்னுக்குள் இருக்கிறது.