ஜூன் 5 வரை பொறு, அதற்குள் எர்த்தைப் பார்

பாளையங்கோட்டை
25.5.2025

அன்புள்ள சுடலை,

உன் கடிதம் கிடைத்தது. கத்திரி இன்னும் விடவில்லை. ஆனால் நேற்றே கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது, வழக்கத்துக்கு ஒரு வாரம் முந்தி. மேற்கே மலை தெரியாத அளவுக்கு மூட்டம். உங்கள் திசையன்விளையில் காற்றும் தேரி மண்ணும்தான் பறக்கும். அந்தச் செம்மணலுக்கும், கேம் ஆட நீ வாங்க நினைக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சம்பந்தம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ கார்டு ஒரு மாதமாகக் கடையில் இருக்கிறதே, வாங்கிவிடவா என்று கேட்டிருக்கிறாய். பொறு. போன புதன்கிழமை தைப்பேயில் போட்டிக் கம்பெனி ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி கார்டை அறிவித்தாயிற்று. விற்பனை ஜூன் 5. கார்டில் மெமரி 8 ஜிபி என்றால் 299 டாலர், 16 ஜிபி என்றால் 349 டாலர். தேதியும் விலையும் சொன்ன சாமானுக்காகப் பதினோரு நாள் காத்திருப்பதில் நஷ்டமில்லை. "அடுத்த வருஷம் அது வருதாம், இது வருதாம்" என்று யாராவது சொன்னால் அந்தச் சவத்தைக் காதில் போட்டுக்கொள்ளாதே.

உன் விஷயத்தில் இந்தக் காத்திருப்புக்குக் காரணம் கார்டின் வேகம்கூட இல்லை, மதர்போர்டு. உன்னுடையது பி450, கார்டு சொருகும் ஸ்லாட் பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0. 5060 டிஐயின் காலைப் பார்த்தால் 16 லேன் (டேட்டா ஓடும் பாதை) நீளம் இருக்கும், உள்ளே இணைப்பு 8 லேன்தான். 5.0 ஸ்லாட் உள்ள புது போர்டில் அந்த எட்டே தாராளம். உன் ஸ்லாட்டில் எட்டு லேன் என்றால் வினாடிக்குச் சுமார் 8 ஜிபி. 9060 எக்ஸ்டிக்கு முழுசாக 16 லேன் இருப்பதால் அதே ஸ்லாட்டில் வினாடிக்கு 16 ஜிபி வரை போகும். கேம் கார்டின் மெமரிக்குள் அடங்கும் வரை இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பி வழிந்தால் மிச்ச டெக்ஸ்சர் (சுவர், தரைக்கான மேல்படம்) கம்ப்யூட்டரின் ரேமில் போய் உட்கார்ந்து, தேவைப்படும்போது இந்த லேன் வழியாக வரும். மடை சிறுத்துவிட்டால் குளம் நிறைந்திருந்தும் கடைவயல் காயும், கேட்டியா? சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) 70 என்று காட்டும், ஆனால் தெருமுனையில் திரும்பும்போது படம் அரை நொடி நிற்கும். சில கேம் நிற்காது. அதற்குப் பதிலாகச் சுவரையும் தரையையும் மழையில் நனைந்த போஸ்டர் மாதிரி மங்கலாகக் காட்டும். ஆகவே 8 ஜிபி எந்தக் கம்பெனியில் வந்தாலும் தொடாதே. உன் போர்டில் மிக மோசமான சேர்க்கை 8 ஜிபி, 8 லேன் இரண்டும் சேர்ந்த கார்டு. போன திங்கள் வந்த என்விடியாவின் 5060 (டிஐ இல்லாதது) அந்த ரகம்தான். விற்பனைக்கு முன்னால் பெரும்பாலான விமர்சகர்களுக்கு அதன் டிரைவரே (கார்டை ஓட்டும் மென்பொருள்) கிடைக்கவில்லை. அதுவே எனக்குப் போதும்.

இன்டெல்லின் பி580 கார்டு பற்றியும் கேட்டாய். 12 ஜிபி, 249 டாலர், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதன் டிரைவர் சிபியுவை நிறையத் தின்கிறது. உன் பழைய சிபியு ரைசன் 3600க்கு அந்தச் சுமை வேண்டாம்.

விலையை இப்படிப் போட்டுப் பார். அமெரிக்க விலையில் வரி கிடையாது. டாலர் 85 ரூபாய் என்று வை. 349 டாலர் 29,665 ரூபாய். ஜிஎஸ்டி 18 சதம் சேர்த்தால் 35,000. டிஸ்ட்ரிபியூட்டர், கடைக்காரர் கைக்கு ஒரு பத்து சதம் போட்டால் 38,500. இதே கணக்கில் 429 டாலர் 5060 டிஐ 16 ஜிபி 47,300 வரும். முதல் நாளே 40,000க்குள் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிடைத்தால் வாங்கிவிடு. மார்ச்சில் ஏஎம்டியின் பெரிய கார்டு 9070 எக்ஸ்டி 599 டாலருக்கு வந்த முதல் சரக்கு உடனே தீர்ந்து, பிறகு விலை ஏறியது. 45,000 கேட்டால் மட்டும் ஜூலை வரை கையைக் கட்டிக்கொண்டு இரு.

ஒரு விதிவிலக்கு. மகள் பிளெண்டர் (3டி படம் செய்யும் மென்பொருள்) கற்கிறாள் என்று எழுதியிருந்தாய். அது விளையாட்டாக இல்லாமல் தொழிலாகப் போகும் என்றால் பேசாமல் 5060 டிஐ 16 ஜிபி எடு. ரெண்டர் வேலையில் என்விடியா பக்கம்தான் வசதி. 16 ஜிபி இருந்தால் லேன் குறைவும் அவ்வளவாக உறைக்காது. வெறும் கேம்தான் என்றால் அந்த எட்டாயிரம் சொச்சத்தை மிச்சம் பிடி.

இனி இந்தப் பதினோரு நாளில் செய்ய வேண்டியது. முதலில் கரண்ட். கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதை லேசாக விடாதே, எர்த் இல்லை என்று அர்த்தம். பவர் சப்ளைக்குள் ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவில் இன்னொன்று இருக்கும். எர்த் அறுந்தால் அந்த இரண்டும் சேர்ந்து பாடியைப் பாதி வோல்ட்டில், 115 போல, மிதக்க விடும். மல்டிமீட்டரை ஏசி 750 வோல்ட் அளவில் வைத்து பிளக்கில் பார். ஃபேஸ்-நியூட்ரல் 230 காட்டினால் ஃபேஸ்-எர்த்தும் ஏறக்குறைய அதையே காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் வயர்மேனைக் கூப்பிடு. உங்கள் மணலில் கோடையில் ஈரமே நிற்காது. எர்த் குழியில் கரியும் உப்பும் இருந்தாலும் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால்தான் வேலை செய்யும். இதைச் சரி செய்யாமல் கரண்ட் இருக்கும்போதே டிவியின் எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகினால், அந்த மிதக்கும் வோல்ட் கேபிள் வழியாகத்தான் இறங்கும். புதுக் கார்டின் போர்ட் அன்றைக்கே போனாலும் போகும்.

450 வாட் சப்ளை போதும். கார்டு 160, கடை மாடலைப் பொறுத்து 180 வரை. சிபியு உச்சத்தில் 88. மற்றதெல்லாம் 40. உன் பழைய கார்டு 1660 சூப்பருக்குப் போகும் அதே எட்டு பின் கேபிள்தான் இதற்கும். மோலெக்ஸ் கன்வெர்ட்டர் எதுவும் மாட்டாதே. சிக்கல் யுபிஎஸ்ஸில்தான். 600 விஏ என்றால் தாங்குவது 360 வாட். சப்ளையின் நஷ்டமும் மானிட்டரும் சேர்ந்து 380 வாட் தொடும். கேம் நடுவில் கரண்ட் போனால் யுபிஎஸ் பீப் அடித்துவிட்டு அதுவும் படுத்துவிடும். 1100 விஏ வாங்கு.

அடுத்து பயாஸ், அதாவது போர்டுக்குள்ளேயே இருக்கும் ஆரம்ப மென்பொருள், அதை அப்டேட் செய்ய வேண்டும். 32 ஜிபிக்குள் ஒரு பென்டிரைவ், ஃபேட்32 ஃபார்மட், போர்டு கம்பெனியின் சைட்டிலிருந்து உன் மாடலுக்கான ஃபைல். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று பார்த்து அதைத் தவிர்த்துவிட்டுக் காலையில் செய். அப்டேட் ஆனதும் எல்லா செட்டிங்கும் பழைய நிலைக்குப் போய்விடும். ரேமை முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைத் திரும்பப் போடு, இல்லாவிட்டால் ரேம் குறைந்த வேகத்திலேயே ஓடும். பிறகு கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே மூச்சில் எட்டிப் பிடிக்க 'அபவ் 4ஜி டிகோடிங்', 'ரீசைஸ் பார்' இரண்டையும் ஆன் செய். பழைய முறையில் விண்டோஸைக் கிளப்பும் சிஎஸ்எம் ஆஃப் ஆக வேண்டும். அதற்கு முன் விண்டோஸ் டிஸ்க் புது முறை ஜிபிடியா, பழைய முறை எம்பிஆரா என்று பார். எம்பிஆராக இருக்கையில் சிஎஸ்எம்மை அணைத்தால் விண்டோஸ் வராது, நீ கார்டைக் குறை சொல்வாய்.

கார்டு மாற்றும் அன்று நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, சேஃப் மோடில் டிடியு என்ற துடைக்கும் மென்பொருளை வைத்துப் பழைய என்விடியா டிரைவரைத் துடைத்துவிடு. நெட் இருந்தால் விண்டோஸ் தானாக எதையாவது கொண்டுவந்து திணிக்கும். பழைய கார்டை இழுக்குமுன் ஸ்லாட் ஓரத்துக் கொக்கியைப் பைய அமுக்கு. அது உடைவது பெரும்பாலும் அவசரத்தில்தான்.

கடைசியாக வெக்கை. விமர்சனத்தில் 62 டிகிரி என்று போட்டிருப்பதெல்லாம் 22 டிகிரி ஏசி அறையில் எடுத்தது. உன் மச்சு அறையில் மத்தியானம் 37. அந்தப் பதினைந்தையும் கூட்டிக்கொள். கார்டு இழுக்கும் வாட்டின் வரம்பை (பவர் லிமிட்) பத்து சதம் குறைத்துவிடு, எஃப்பிஎஸ் குறைவது தெரியாது. சும்மா இருக்கும்போது ஃபேன் நின்றுவிடும் வசதியையும் அணை, மெதுவாக எப்போதும் சுற்றட்டும். தேரி மண் நைசான தூள். முன் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டு. பிளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள், சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

பில்லில் சீரியல் நம்பர் ஏறியிருக்கிறதா, வாரண்டிக்கு எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று பணம் கொடுக்குமுன் கேள். பழைய 1660 சூப்பருக்கு இந்த வாரமே ஆள் பார்த்து விலை பேசி வை. புதுசு வந்த பிறகு கேட்க ஆள் குறையும்.

நியூட்ரல்-எர்த் எத்தனை வோல்ட் வந்தது, கேபினட்டில் பின் தகட்டிலிருந்து முன் ஃபேன் வரை எத்தனை மில்லிமீட்டர், இரண்டையும் உடனே எழுது. மூன்று ஃபேன் மாடலா, இரண்டு ஃபேனா என்று அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
முருகேசன்