அந்தச் சத்தம் கேட்டதும் பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்குள் போய்வர நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஃபோர் வீல் டிரைவ் வண்டிதான் வசதி, ஆனால் அதன் பிரேக் போடும் சத்தங்களைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை என்பது எனக்குப் பெரிய கவலை. மழை பெய்த செம்மண் இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியதும் காலடியில் பெடல் துடித்து, கீழே எதையோ அரைப்பதுபோல் கடகடவென்று சத்தம் வரும். பயந்துபோய்க் காலை எடுத்துவிடுகிறார்கள், ஆபத்தே அதில்தான்! அது ஏபிஎஸ் என்ற பூட்டுத்தடுப்பு பிரேக் அமைப்பு வேலை செய்யும் சத்தம். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் இருக்க, வால்வுகள் பிரேக் எண்ணெயின் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டுவிட்டுப் பிடிக்கின்றன. பெடலை விட்டுவிட்டு மிதிக்கவும் வேண்டாம், அழுத்தியபடியே வேண்டிய பக்கம் வண்டியைத் திருப்புங்கள்.

வண்டியைக் கிளப்பிக் கொஞ்சம் நகர்ந்ததும் ஒரு முறை 'டக்' என்றோ 'உர்ர்' என்றோ கேட்டால், பல வண்டிகளில் அது ஏபிஎஸ் தன்னைத்தானே சோதிப்பது. சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது, பிரேக்கை நாம் தொடாமலே உறுமல் வரும், அது சுழலும் சக்கரத்தைத் தானே பிரேக் போட்டு அடக்கும் டிராக்ஷன் கண்ட்ரோல்.

சரி, எதற்குப் பயப்பட வேண்டும்? காய்ந்த தார்ச்சாலையில் மெதுவாக நிறுத்தும்போதும் பெடல் துடித்தால், ஏபிஎஸ் விளக்கு அணையாமல் எரிந்தால், ஒவ்வொரு பிரேக்குக்கும் இரும்போடு இரும்பு உரசினால் தள்ளிப்போடாமல் பட்டறைக்குப் போங்கள். சக்கரத்தின் வேகம் அறியும் சென்சாரில் சேறு அப்பியிருக்கலாம், பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். வண்டி விற்கும் கடைக்காரர்கள் சாவி கொடுக்கும் நாளிலேயே இதைத் தமிழிலும் விளக்கிச் சொல்ல வேண்டும்.

தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்