நேட்கிரிட் எப்படிப் பயன்படுகிறது என்று கேளுங்கள்: உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்னையில் தரவுத்தள நிர்வாகியாக இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உளவுத்துறையிலோ காவல்துறையிலோ ஒருநாளும் பணியாற்றியதில்லை. ஆனால் பல அலுவலகங்கள் பகிர்ந்துகொள்ளும் தகவல் வலையைக் கட்டிக் கொடுத்த பிறகு, அதன் முன் உட்கார வேண்டியவர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தவன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் உள்துறை அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகள் உங்கள் பரிசீலனைக்கு வருகின்றன. அப்போது, பல துறைகளிடம் உள்ள விவரங்களை உளவு, காவல் அமைப்புகள் ஒரே இடத்தில் தேடிப் பார்க்க உதவும் நேட்கிரிட் என்னும் தேசியப் புலனாய்வு வலையமைப்பில் எத்தனை தரவுத்தளங்கள் இணைந்தன, எத்தனை அமைப்புகளுக்கு அனுமதி கிடைத்தது என்ற கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளாமல், அங்கே அமரும் பகுப்பாய்வாளர் அதை எப்படிப் பயன்படுத்துகிறார், எப்போது பயன்படுத்தாமல் விடுகிறார், ஏன் விடுகிறார் என்பதை அளந்து சொல்லும் ஒரு மதிப்பீட்டையும் கேட்டுப் பெறுங்கள்.

இந்தக் கேள்வி புதியதல்ல. கார்கில் போருக்குப் பின் 1999இல், திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் அமைந்த மறுஆய்வுக் குழு, உளவு அமைப்புகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை. அவற்றின் செயல்பாட்டைக் கண்காணிக்கவும் தரத்தை மதிப்பிடவும் எந்த ஏற்பாடும் இல்லை என்பதையும் சொன்னது. முதல் குறைக்கு நாம் கணினிகளால் விடை தேடினோம். 2001இல் உளவுத்துறைக்குள், பல அமைப்புகளும் தகவல் பகிர்ந்துகொள்ளும் பல்துறை மையம் வந்தது. 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் கொல்லப்பட்ட பிறகு அந்த மையம் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும்படி வலுப்படுத்தப்பட்டது. 2009 டிசம்பர் 23 அன்று, அப்போதைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் தில்லியில் ஆற்றிய உரையில், 21 வகைத் தரவுத்தளங்களை இணைக்கும் நேட்கிரிட்டைப் பற்றி அறிவித்தார். அது முழுமையாகச் செயல்படப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனது. சுப்பிரமணியம் குழு சுட்டிய இரண்டாவது குறை மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது.

நேட்கிரிட் ஏன் வேண்டும் என்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் நியாயமானது. மும்பைத் தாக்குதலுக்காக வேவு பார்த்த டேவிட் ஹெட்லி 2006 செப்டம்பருக்கும் 2008 ஜூலைக்கும் இடையில் ஐந்து முறை மும்பைக்கு வந்து, தாக்க வேண்டிய இடங்களைப் படம் பிடித்துச் சென்றார். தாக்குதல் முடிந்த பிறகு 2009 மார்ச்சில் மீண்டும் இந்தியா வந்தார். விசா ஒரு துறையிடம், குடியேற்றச் சோதனைப் பதிவு இன்னொரு துறையிடம், விமானப் பயணம் நிறுவனங்களிடம், தங்கிய விடுதி உள்ளூர்க் காவல் நிலையத்திடம் என்று ஒரே மனிதரின் சுவடுகள் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒரே திரையில் கொண்டுவந்தால் ஐயம் எழுந்திருக்கும் என்பது வாதம். எழுந்திருக்கலாம். ஆனால் தாவூத் கிலானி என்ற தன் பெயரை அவர் 2006இல் மாற்றிக்கொண்டதே அப்படி ஓர் ஐயம் எழக் கூடாது என்பதற்காகத்தான். ஆகவே சிதறியவற்றைச் சேர்த்து வைப்பது பாதி வேலை. சேர்த்து வைத்த இடத்தில் ஒருவர் எதைத் தட்டச்சு செய்து தேடுகிறார், என்ன கிடைத்ததும் நிமிர்ந்து உட்காருகிறார் என்பது மறுபாதி.

அந்த மறுபாதியைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா 2009 கிறிஸ்துமஸ் அன்று கண்டது. 2001 தாக்குதலுக்குப் பிறகு அங்கே அமைப்புகளுக்கு இடையிலான சுவர்களை இடிக்கச் சட்டமே மாற்றப்பட்டு, தகவல்கள் பகிரப்பட்டுக்கொண்டிருந்தன. நைஜீரியாவைச் சேர்ந்த 23 வயது உமர் ஃபாரூக் அப்துல்முத்தலபின் தந்தை, மகன் தீவிரவாதத்தின் பக்கம் போய்விட்டான் என்று அந்த நவம்பரிலேயே அபுஜாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு நேரில் சென்று எச்சரித்திருந்தார். பெயரும் தரவுத்தளத்தில் ஏறிவிட்டது. ஆனால் தூதரகத்திலிருந்து போன செய்தியில் பெயரின் எழுத்து ஒன்று பிசகியதால், செல்லுபடியாகும் விசா அவரிடம் இருந்தது முதலில் தெரியாமல் போயிற்று. உள்ளாடையில் வெடிபொருளுடன் அவர் டெட்ராய்ட் விமானத்தில் ஏறினார். வெடிபொருள் சரியாக வெடிக்காததால்தான் பயணிகள் தப்பினார்கள். இது தகவலைச் சேகரிக்காத தவறும் அல்ல, பகிராத தவறும் அல்ல, கையில் இருந்தவற்றைப் பொருத்திப் பார்க்காத தவறு என்று வெள்ளை மாளிகையின் மறுஆய்வு சொன்னது. செனட்டின் உளவுக் குழு, சங்கிலி அறுந்த இடங்கள் 14 என்று ஒவ்வொன்றாகக் காட்டியது. பாருங்கள், அதைக் கண்டுபிடித்ததும் உங்களைப் போன்ற ஒரு நாடாளுமன்றக் குழுதான்.

ஓர் எழுத்துப் பிழையை அயல்நாட்டுக் கதையாக நினைக்க நம்மால் முடியாது. தமிழ்நாட்டில் பெயர்கள் எப்படிப் பதிவாகின்றன என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். சண்முகம் என்ற பெயரின் முதல் ஒலியை ஆங்கிலத்தில் ஓர் எழுத்தாலும் எழுதுவார்கள், ஈரெழுத்தாலும் எழுதுவார்கள். செந்திலின் நடுவில் ‘எச்’ இருக்கும், இல்லாமலும் இருக்கும். குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எதிர்கொள்ளும்போது நாம் அப்பாவின் பெயரை எழுதுகிறோம். இனிஷியல் ஓர் ஆவணத்தில் முன்னால் நிற்கும், இன்னொன்றில் பின்னால் நிற்கும், மூன்றாவதில் முழுப்பெயராக விரியும். வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே மாதிரிப் பெயர் உள்ளவர் எங்கள் தெருவில் எத்தனை பேர் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது, என் பெயரே அப்படி இல்லை. இந்த நாட்டில் பெயரைத் தட்டித் தேடும் ஒரு பகுப்பாய்வாளருக்கு, தேடப்படும் ஆள் கிடைக்காமல் போவதும் தேடப்படாத ஆள் வந்து நிற்பதும் அன்றாடம் நடக்கக்கூடியவை. எவ்வளவு அடிக்கடி நடக்கிறது? அதை அளப்பது முதல் கடமை.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிதி நிறுவனத்தில், ஒரே ஆள் பல கிளைகளில் கடன் வாங்கி ஏமாற்றுவதைத் தடுக்க, எல்லாக் கிளைகளின் வாடிக்கையாளர் விவரங்களையும் ஒரே தேடலில் காட்டும் ஏற்பாட்டைச் செய்தோம். ஆறு மாதத்தில் லாகின் எண்ணிக்கை ஏறுமுகமாக இருந்தது. மேலாண்மைக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைப் பார்த்து எல்லோரும் மகிழ்ந்தார்கள். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோது, காலையில் திறக்கப்பட்ட அமர்வுகளில் பெரும்பாலானவை ஒரு தேடல்கூட இல்லாமல் மாலையில் மூடப்பட்டிருந்தன. பத்து நாட்கள் ஒரு கிளையில், கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அலுவலரின் அருகில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் இருந்தது. அதில் மற்ற கிளைகளில் உள்ள ஒன்பது பேரின் தொலைபேசி எண்கள். சந்தேகம் வந்தால் திரையைத் தொடாமல் தொலைபேசியை எடுத்தார். ஏன் என்று கேட்டேன். “சார், இதுல வர்ற விவரம் எப்பப் பதிஞ்சதுன்னு காட்டல. மூணு வருஷம் முந்தின அட்ரஸா, நேத்து மாத்தினதான்னு தெரியாம நான் எப்படி சார் கையெழுத்துப் போடறது?” என்றார். அவர் சோம்பேறி அல்ல, அந்தக் கிளையிலேயே கவனமானவர் அவர்தான். தேடல் முடிவுகளில் பதிவு தேதியையும் பதிந்த கிளையையும் சேர்த்தோம். சில மாதங்களில் அவர் தேடத் தொடங்கினார். லாகின் வரைபடத்தை நூறு முறை பார்த்திருந்தாலும் எங்களுக்கு இது தெரிந்திருக்காது.

இன்னொரு கிளையில் கண்ணாடிக்கு அடியில் இருந்தது மேலாளரின் கடவுச்சொல். மேலாளருக்கு நேரமில்லை, வேலை நிற்கக் கூடாது, ஆகவே நான்கு பேர் அவர் பெயரில் தேடினார்கள். பதிவேட்டின்படி அங்கே மிக உழைத்தவர் அந்த மேலாளர்.

இந்த இரண்டு மேசைகளையும் நான் மறக்காததற்குக் காரணம் உண்டு. நேட்கிரிட்டைப் பற்றிப் பொதுவெளியில் நடக்கும் பேச்சு இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுவோர் அது போதுமான அளவுக்குப் பயன்படவில்லை என்கிறார்கள். அந்தரங்க உரிமையைப் பற்றிக் கவலைப்படுவோர் அது அளவுக்கு மீறிப் பயன்படும் என்று அஞ்சுகிறார்கள். இரண்டு கவலைகளுக்கும் விடை ஒரே பதிவேட்டில்தான் இருக்கிறது. யார், எந்த வழக்குக்காக, எதைத் தேடினார், கிடைத்ததை வைத்து என்ன செய்தார் என்ற வரிகளை ஒழுங்காகப் படித்தால், தேட வேண்டிய இடத்தில் தேடாததும் தெரியும், தேடக் கூடாத இடத்தில் தேடியதும் தெரியும்.

அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. இதற்குச் சான்று. வெளிநாட்டவரைக் கண்காணிக்கும் சட்டப்பிரிவு 702இன் கீழ் திரட்டிய தகவல்களில், அமெரிக்கர்களின் விவரங்களைக் கொண்டு அந்த அமைப்பினர் செய்த தேடல்கள், 2021 நவம்பரோடு முடிந்த ஓராண்டில் சுமார் 34 லட்சம் வரை இருந்ததாக அந்நாட்டு அரசே வெளியிட்டது. போராட்டக்காரர்கள், தேர்தல் நன்கொடையாளர்கள் என்று தொடர்பில்லாதவர்களையும் தேடியிருந்தது தணிக்கைகளில் வெளிப்பட்டது. ஒரு முக்கியமான காரணம் மிகச் சாதாரணமானது: தேடல் திரையில் அந்தத் தொகுப்பு தானாகவே தேர்வாகியிருந்தது. அலுவலர் தானே தேர்ந்தெடுத்தால் மட்டுமே அது தேடப்படும் என்று 2021இல் திரையை மாற்றினார்கள். நூறும் அதற்கு மேலும் பெயர்களை மொத்தமாகத் தேட வழக்கறிஞரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். அடுத்த ஆண்டு எண்ணிக்கை 2 லட்சத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. இவ்வளவு தேடல்கள் எல்லாம் தீய நோக்கத்தால் நடந்தவை அல்ல என்பதையும், நல்ல நோக்கம் மட்டும் இருந்தால் அவற்றைத் தடுத்துவிட முடியாது என்பதையும் அந்த எண்கள் சேர்த்தே காட்டுகின்றன. பதிவேட்டைப் படித்தவர்கள் இருந்ததால் இது வெளியே தெரிந்தது.

நம் நாட்டில் அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? நேட்கிரிட் தனிச் சட்டத்தால் உருவானதல்ல. 2011 ஜூன் மாதம் அது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதால், ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தவிர மற்றவற்றில் குடிமக்கள் கேள்வி கேட்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஆனால் 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. எல்லாக் கதவுகளும் சாத்தப்பட்ட பிறகு எஞ்சியிருக்கும் கதவு உங்கள் குழு. அதனால்தான் அமைச்சகத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

மதிப்பீட்டை எப்படிச் செய்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வலையைக் கட்டியவர்களும் நடத்துபவர்களும் அதை மதிப்பிடக் கூடாது. நான் கட்டியதை நானே மதிப்பிட்டபோது லாகின் வரைபடத்தைத்தான் முதலில் நம்பினேன். படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்பதும் போதாது, ஏனென்றால் மேலதிகாரி பார்க்கும் படிவத்தில் யாரும் கண்ணாடிக்கு அடியிலுள்ள தாளைப் பற்றி எழுத மாட்டார்கள். தகுந்த பாதுகாப்பு அனுமதி பெற்ற, அமைச்சகத்துக்குக் கட்டுப்படாத ஒரு சிறு குழு, வெவ்வேறு அமைப்புகளில் சில வாரங்கள் பகுப்பாய்வாளர்களின் அருகில் அமர்ந்து பார்க்க வேண்டும். முடிந்துபோன வழக்குகள் சிலவற்றை எடுத்து, அன்றைக்கு வலையில் என்ன இருந்தது, அலுவலர் எதைத் தேடினார், எது அவர் கண்ணில் படவில்லை என்று பின்னோக்கி நடந்து பார்க்க வேண்டும். தேடல் பதிவுகளில் ஒரு பகுதியை முன்னறிவிப்பின்றி எடுத்து, ஒவ்வொரு தேடலுக்கும் சொல்லப்பட்ட காரணம் உண்மையானதா என்று கோப்போடு ஒப்பிட வேண்டும். ஓர் அமைப்பு தன்னிடமுள்ள விவரத்தை வலையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தால் அதையும் கேட்க வேண்டும். தகவலைத் தருபவருக்குப் பாராட்டு இல்லை, வழக்கை முடித்தவருக்கு மட்டுமே பதக்கம் என்றிருக்கும் வரை யாரும் மனமுவந்து தர மாட்டார்கள்.

இரகசியம் கெட்டுவிடும் என்று உங்களிடம் சொல்வார்கள். வழக்குகளின் விவரம் உங்கள் மூடிய அமர்வைத் தாண்ட வேண்டியதில்லை. ஆண்டுக்கு எத்தனை தேடல்கள் நடந்தன, அவற்றில் எத்தனை காரணமின்றி நடந்தவை எனக் கண்டறியப்பட்டன, எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது ஆகிய மூன்று எண்களை வெளியிடுவதால் எந்தப் பயங்கரவாதிக்கும் உதவி கிடைத்துவிடாது. அடுத்த மானியக் கோரிக்கை அறிக்கையை நீங்கள் எழுதுவதற்கு முன் அமைச்சகத்திடம் இந்த மூன்றையும் எழுத்து மூலம் கேளுங்கள். அவர்களிடம் அந்த எண்கள் இல்லையென்றால், இல்லை என்ற பதிலையே உங்கள் அறிக்கையில் அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தரவுத்தள நிர்வாகி ஒருவன்
சென்னை