கொறடாவாக இருந்தவர் நீதிபதியானபோது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நீதிபதிகள் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்சியில் ஊறியவரை நீதிபதியாக்கினால் அவர் கட்சிக்காரராகவே தீர்ப்பு எழுதுவார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. எனக்கு உடனே செனட்டராக இருந்து உச்ச நீதிமன்ற நீதிபதியான ஷெர்மன் மிண்டன் ஞாபகம் வந்துவிட்டது.

நான் இண்டியானா மாநிலத்தில் நியூ ஆல்பனியில் குடியிருக்கிறேன். வேலை ஒஹாயோ ஆற்றுக்கு அந்தப் பக்கம், லூயிவில்லில். நடுவில் இருக்கும் இரட்டை அடுக்குப் பாலத்துக்கு மிண்டன் பெயர்தான். பல வருஷம் அது எனக்கு வெறும் பெயர். 2011 செப்டம்பரில் இரும்பில் விரிசல் கண்டு பாலத்தை மூடினார்கள். அடுத்த பிப்ரவரி வரை சுற்றித்தான் வேலைக்குப் போனேன். காரில் உட்கார்ந்து வானொலியில் அந்தப் பெயரைத் தினமும் கேட்டு, யார்தான் இந்த மனிதர் என்று நூலகத்தில் தேட ஆரம்பித்தேன்.

எங்கள் பக்கத்து ஆள்தான். 1890இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர், நியூ ஆல்பனியில் வக்கீலாக இருந்தவர். 1934 தேர்தலில் ஜெயித்து ஜனநாயகக் கட்சி செனட்டரானார். அதே தேர்தலில் மிசௌரியிலிருந்து வந்த ஹாரி ட்ரூமன் அவருக்கு நெருங்கிய நண்பர். அதிபர் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் ஒவ்வொன்றாக ரத்து செய்துகொண்டிருந்த காலம் அது. 1937இல் ரூஸ்வெல்ட் அந்த நீதிமன்றத்தில் நீதிபதிகளின் எண்ணிக்கையைக் கூட்டப் பார்த்தபோது மிண்டன் முழுமூச்சாக ஆதரித்தார். ஒரு சட்டம் செல்லாது என்று சொல்ல 9 பேரில் 7 பேராவது சேர வேண்டும் என்று தானும் ஒரு யோசனை வைத்தார். கடைசி இரண்டு வருஷம் கட்சியின் கொறடா. தெரிந்தே பொய்ச் செய்தி வெளியிடும் பத்திரிகைகளைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்றும் கேட்டவர் இவர். பத்திரிகைக்கு எழுதும் கடிதத்தில் அதை மறைப்பது முறையில்லை. அதில் அவர் செய்தது தவறு என்றே நினைக்கிறேன்.

1940இல் தோற்றார். அடுத்த வருஷம் ரூஸ்வெல்ட் அவரை சிகாகோவில் இருக்கும் 7ஆவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு நியமித்தார். 1949இல், அதற்குள் அதிபராகிவிட்ட ட்ரூமன் உச்ச நீதிமன்றத்துக்கு அவர் பெயரைச் சொன்னதும், செனட் குழு நேரில் வந்து பதில் சொல்லச் சொன்னது. அவர் போகவில்லை, கடிதம்தான் எழுதினார். விளையாடிய நாளில் என் அணிக்காக ஆடினேன், நடுவராக நின்றபோது எனக்கு அணி கிடையாது, நீதிபதியாகவும் அப்படித்தான் என்பது அதன் சாரம். கல்லூரியில் நிஜமாகவே கால்பந்தும் பேஸ்பாலும் ஆடியவர் அவர். 48க்கு 16 என்று நியமனம் உறுதியானது.

சொன்னபடி நடந்தாரா? அவருடைய பழைய கூட்டாளிகள் பலருக்கு ஏமாற்றம்தான். 1952இல், அரசைக் கவிழ்க்கச் சொல்லும் அமைப்புகளில் இருப்பவர்களை ஆசிரியர் வேலையிலிருந்து விலக்கும் நியூயார்க் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு எழுதியவர் இவர். மாறிவிட்டார் என்றார்கள். என் கணக்கில் அவர் மாறவே இல்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் போட்ட சட்டத்தில் நீதிபதிகள் எளிதில் கை வைக்கக் கூடாது என்பதுதான் 1937இல் அவர் பேச்சு. அதையேதான் நீதிபதி நாற்காலியிலும் சொன்னார். அன்று அது முற்போக்காகத் தெரிந்தது, 1952இல் பிற்போக்காகத் தெரிந்தது. காலம்தான் புரண்டிருந்தது.

ஒரு வழக்கில் மட்டும் கட்டுரையாளர் என்னை மடக்கலாம். அதே 1952இல் ட்ரூமன் எஃகு ஆலைகளை அரசின் கையில் எடுத்துக்கொண்டார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அப்படி அதிகாரம் எதுவும் கொடுக்கவில்லை. 6 நீதிபதிகள் கூடாது என்றார்கள். ட்ரூமன் பக்கம் நின்ற 3 பேரில் மிண்டன் ஒருவர். அவருடைய சொந்தக் கொள்கையை வைத்துப் பார்த்தாலும் இது இடிக்கிறது. நண்பருக்காகவா என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் 1953ஐயும் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வெள்ளைக்காரப் பெண், கறுப்பர்களைக் குடியேற விடமாட்டோம் என்ற தெரு ஒப்பந்தத்தை மீறிவிட்டார். அக்கம்பக்கத்தார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்கள். அப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு நீதிமன்றம் துணை போகக் கூடாது என்று பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் மிண்டன். அதே வருஷம் டெக்சாஸில் வெள்ளையர் சங்கம் ஒன்று வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கத் தங்களுக்குள் நடத்திய முன்தேர்தல் வழக்கில், அது கூடாது என்று 8 பேர் ஒரு பக்கம், இவர் ஒருவர் மட்டும் மறுபக்கம். அது தனியார் சங்கம், அரசின் செயல் அல்ல என்றார். படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினை கூடாது என்று ஒருமனதாகச் சொன்ன 9 பேரிலும் அவர் உண்டு.

இதில் எந்தத் தீர்ப்பு கட்சிக்காக எழுதியது? எஃகு வழக்கைத் தவிர எனக்கு எதிலும் கட்சி தெரியவில்லை. ரத்தசோகை நோய் முற்றி 1956இல் ஓய்வு பெற்றார், 1965இல் இறந்தார். கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் அந்த லாஸ் ஏஞ்சலஸ் தீர்ப்பை ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நியூ ஆல்பனியிலிருந்து ஒரு வாசகி