மூக்கு கழன்ற பொம்மை

பிராக்,
நவம்பர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? இங்கே நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது.

போன சனிக்கிழமை சின்னவனைப் பொம்மலாட்டத்துக்குக் கூட்டிப்போனேன். இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் உயிர். நம் தோல்பாவைக்கூத்தில் உச்சிக்குடும்பன் போல இங்கே காஷ்பாரெக் என்று ஒரு கோமாளி. அன்றைக்கு அவனிடம் மாட்டிக்கொண்டவர் டைக்கோ பிராகே. நீங்கள் வகுப்பில் கெப்ளர் விதி நடத்துவீர்களே, அந்தக் கெப்ளருக்குச் செவ்வாய்க் கிரகக் கணக்கை விட்டுச்சென்ற டென்மார்க் வானியலாளர். 1599-இல் ருடால்ஃப் மன்னரை நம்பி இங்கே வந்தவர், 1601-இல் போய்ச்சேர்ந்தார்.

இருபது வயதில் வாள்சண்டையில் மூக்கை இழந்து, உலோக மூக்கு ஒட்டிக்கொண்டவர் அல்லவா? பொம்மைக்கும் பித்தளைப் பொத்தான்தான் மூக்கு. தும்மினால் 'டிங்' என்று மேடையில் விழுந்து உருளும். காஷ்பாரெக் அதை எடுத்து ஒளித்துவைப்பான். நிஜ மூக்கு வெள்ளி என்றுதான் ரொம்ப நாள் கதை. 2010-இல் கல்லறையைத் திறந்து எலும்பைச் சோதித்தபோது பித்தளை என்று தெரிந்தது. பொம்மை செய்தவர் விவரமான ஆள்!

அப்புறம் விருந்துக் காட்சி. மரியாதை கருதி எழுந்து போகாமல் சிறுநீரை அடக்கினார். பிறகு அது சரியாகப் பிரியவே இல்லை. பதினோராம் நாள் உயிர் போனது. பொம்மை காலைப் பின்னிக்கொண்டு நெளிய, பிள்ளைகள் "போ, போ!" என்று ஒரே கத்தல்.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். தொலைநோக்கி வருவதற்கு முன்பே, வெறுங்கண்ணால் ஆயிரம் நட்சத்திரங்களின் இடத்தைக் குறித்த மனிதருக்கு மிஞ்சியது மூக்கும் மூத்திரமுமா? ஆனால் நடுவில் ஒரு தடவை விளக்கை அணைத்து ஒரே ஒரு குட்டி பல்பை எரியவிட்டார்கள். வானம் மாறவே மாறாது என்று நம்பிய காலத்தில், 1572-இல் அவர் பார்த்த புது நட்சத்திரம். பொம்மை அண்ணாந்து பார்த்தபடியே நின்றது. ஆட்டுகிறவர் நூலை அசைக்கவே இல்லை. சின்னவன் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

இங்கே பெரியவர்களே பாத்ரூமுக்கு எழுந்தால் "டைக்கோ பிராகே மாதிரி ஆகிவிடக் கூடாது" என்பார்கள். எனக்கும் வசதியாகப் போயிற்று. மூன்று அடுக்கு உடுப்பு மாட்டுமுன் போய்விட்டு வாடா என்றால் அடம்பிடிக்கிறவன், இப்போது அந்தப் பெயரைச் சொன்னாலே ஓடுகிறான். ஓடும்போது மூக்கையும் பிடித்துக்கொள்கிறான்.

அன்புடன்,
உங்கள் மகள்