லூர்து மாதா கோயிலும் எங்க பெரியப்பாவும்

ஆசிரியருக்கு வணக்கம். போன மாசம் எங்க பெரியப்பா தவறிட்டாரு. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு, நைட் ஷிப்ட் முடிச்சு வந்தாலும் ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பூசைய விட்டதே இல்ல, 1888-ல கட்டின நம்ம சிங்கப்பூர் ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயில்தான் அவருக்கு எல்லாமே. பூசை முடிஞ்சதும் ஊர்லேருந்து புதுசா வேலைக்கு வந்த தம்பிங்கள தேடிப் பிடிச்சு "சாப்டியாப்பா, சம்பளம் ஒழுங்கா வருதா"ன்னு கேப்பாரு, யாருக்காச்சும் காய்ச்சல்னா பெரியம்மா வச்ச ரசத்த பிளாஸ்க்ல ஊத்திக்கிட்டு அவங்க தங்கியிருக்கிற டார்மிட்டரிக்கே பஸ் ஏறிடுவாரு, அந்த வயசுலயும். வீட்டுல தினம் ராத்திரி செபமாலை, பரீட்சைன்னாலும் விடமாட்டாரு, ஆனா முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு அவரே மைலோ கலக்கிக் கொடுப்பாரு. அடக்கத்துக்கு அந்தத் தம்பிங்க நிறைய பேரு லீவு போட்டு வந்தாங்க. இப்படிப்பட்ட மனுஷங்களப் பத்தி நம்ம பேப்பர்ல அடிக்கடி எழுதுங்க, ப்ளீஸ்.

- வாசகி, அங் மோ கியோ