உன் வரியும் உன் அக்காவின் சம்பளமும்

அன்பு மகன் இளங்கோவுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, நடவும் முடிந்துவிட்டது. அரசுப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கும் உன் அக்கா, சம ஊதியம் கேட்டுச் சென்னையில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய் நல்லபடியாகத் திரும்பி வந்துவிட்டாள். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருப்பேன். அவள் பெயரை எடுத்தாலே நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், ஆகவே எழுதுகிறேன்.

மாமா வீட்டில் அன்று, “எங்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்று நீ சொன்னாய். நீ கட்டும் வருமான வரி முதலில் ஒன்றிய அரசுக்குப் போகிறது. அதில் மாநிலங்களுக்கென்று பிரிக்கும் தொகையில் தமிழ்நாட்டுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு ஒதுக்கியது 4.079 விழுக்காடு. மருத்துவத்துக்கும் கல்விக்கும் என்று உன் வரியின்மேல் 4 விழுக்காடு செஸ், அதாவது கூடுதல் வரி, பிடிக்கிறார்களே, அது மாநிலங்களோடு பகிரும் கணக்கிலேயே சேராது. பெங்களூரில் நீ வாங்கும் பொருளுக்கான ஜி.எஸ்.டி.யில் மாநிலத்தின் பங்கு கர்நாடகத்துக்குப் போகும். அக்காவின் சம்பளத்துக்குப் பெரும்பகுதியைக் கொடுப்பவர்கள் இங்கே சோப்பும் பெட்ரோலும் வாங்குகிறவர்கள், சின்ன நிலத்தைக் கிரயம் பதிவு செய்தாலும் முத்திரைக் கட்டணம் செலுத்துகிறவர்கள். அவளுடைய வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார்களும் அவர்களில் அடக்கம். அவர்களில் ஒருவர்கூட அவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

நீ நன்றாக இருக்கிறாய், பெரிய பொறுப்பில் இருக்கிறாய் என்று ஊரில் சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமைதான். அந்தப் பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன். போராடுகிற ஆசிரியர்கள் கேட்பது என்னவென்று கேட்காமலேயே நீ தீர்ப்புச் சொல்லிவிட்டாய். 2009 மே 31 வரை பணியில் சேர்ந்த, சிறு வகுப்புகளுக்குப் பாடம் நடத்தும் இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று வைத்தார்கள். மறுநாள் ஜூன் 1 முதல் சேர்ந்தவருக்கு 5,200 என்று வைத்தார்கள். படிப்பு ஒன்று, வகுப்பு ஒன்று, பாடப்புத்தகம் ஒன்று. உன் அக்கா 2010இல் சேர்ந்தவள். ஏழாவது ஊதியக் குழுவின் மாற்றம் வந்தபோதும் அந்த வேறுபாடு அவளோடு கூடவே வந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோரிக்கை 2021 தேர்தலின்போது வாக்குறுதியாகவும் வந்தது. 2023 ஜனவரி முதல் நாளில் இதை ஆராயக் குழு அமைப்பதாக அறிவிப்பும் வந்தது. பக்கத்து மேசையில் உன் வேலையையே செய்கிறவருக்கு, ஒரு நாள் முந்திச் சேர்ந்த ஒரே காரணத்தால் காலம் முழுக்க அதிகம் கொடுத்தால் உன் அலுவலகத்தில் நீ வாய்மூடி இருப்பாயா என்று எண்ணிப் பார்.

தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளத்துக்கு அதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றும் நீ சொன்னாய். நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சொற்பச் சம்பளம் கொடுப்பது அவருக்கு நடக்கும் அநியாயம். அந்த அநியாயத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்பது எந்தக் கணக்கு? பேரனுக்காக நீயும் மருமகளும் கட்டும் கட்டணத்தில் அவன் வகுப்பு ஆசிரியைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று ஒருமுறை விசாரித்துப் பார்.

உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல் கையெழுத்துப் போட்ட ஆட்களோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன். தம் பிள்ளைகளைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு அரசுப் பள்ளியின் பெருமையை மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் உன் அக்கா தன் மகளைத் தான் வேலை பார்க்கும் பள்ளியிலேயேதான் ஐந்தாம் வகுப்புவரை படிக்க வைத்தாள். இரண்டே ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். காலை உணவை மேற்பார்க்க வேண்டும், பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் பிள்ளைகளின் வருகையைப் பதிய வேண்டும், நடுவில் வாக்காளர் பட்டியல் வேலை வந்தால் வீடு வீடாகப் போக வேண்டும். பாடம் நடத்த அவளுக்குக் கிடைக்கும் நேரத்தைப் பற்றி யாரும் தொலைக்காட்சியில் விவாதிப்பதில்லை.

2025-26 நிதிநிலை அறிக்கையில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய் ஒதுக்கி, அதில் பெரும்பங்கு சம்பளத்துக்கே போய்விடுகிறது என்று நீ கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். ஊர்ப் பள்ளிக்கு நீ கணினி வாங்கிக் கொடுத்தாய். தலைமையாசிரியர் இன்றும் உன் பெயரைச் சொல்கிறார். கணினியை ஒரு கொடையாளர் ஒரே நாளில் வாங்கிக் கொடுத்துவிடலாம். அதன்முன் ஒரு குழந்தையை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க, வருடம் முழுவதும் ஓர் ஆள் காலை ஒன்பது மணிக்கு வந்து நிற்க வேண்டுமே, அதற்கு எந்தக் கொடையாளரும் முன்வருவதில்லை. அதற்குத்தான் வரி. பள்ளிக்கூடத்தின் செலவு ஆசிரியர் சம்பளமாக இல்லாமல் வேறு எதுவாக இருக்க முடியும்?

போராட்டம் என்ற சொல்லே உனக்கு ஏன் கசக்கிறது என்பது எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்ததற்காக ஏறத்தாழ 1.7 லட்சம் அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பட்டியலில் நானும் இருந்தேன். நீ பத்தாம் வகுப்பில் இருந்தாய். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். வேலைநிறுத்தம் அரசு ஊழியரின் உரிமை இல்லை என்றும் அதே வழக்கில் ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னார்கள். மளிகைக் கடையில் நம் கணக்கு நின்றதையும், அம்மாவின் சங்கிலி வீட்டைவிட்டுப் போனதையும், பள்ளியில் உன்னை என்ன கேட்டார்கள் என்பதையும் நீ ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. அக்காவுக்கும் அப்படி ஒன்று வந்துவிடுமோ என்ற பயம்தான் அன்று கோபமாக வந்ததென்றால், அவளிடம் அதையே சொல்லிவிடு. பயம் என்று சொன்னால் அவள் புரிந்துகொள்வாள். வரிப்பணம் என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

இன்னொரு செய்தி. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொல்லிவிட்டது. ஓய்வுபெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம். பதினைந்து வருடம் பாடம் நடத்தியவள் இரவில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கிறாள். முதல் தாளில் ஆங்கிலத்துக்கு 30 மதிப்பெண். அதுதான் அவளுக்குக் கடினமாக இருக்கிறதாம். உன்னிடம் கேட்கச் சொன்னேன், கேட்க மாட்டேன் என்றுவிட்டாள். நீயாகக் கூப்பிடு. ஏழு மணிக்கு மேல் அவள் வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளை எடுத்தாலும் பேச்சை வளர்க்காமல் அவளிடம் கொடுக்கச் சொல்.

பொங்கலுக்கு வருவதானால் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

அன்புடன்,
அப்பா